ஜயண்ட்ஸ் காஸ்வே: ராட்சதனைப் பார்க்க டிக்கெட் தேவையா?

கற்களைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஜயண்ட்ஸ் காஸ்வேக்குக் கிளம்பும் யாரும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரையில், புஷ்மில்ஸ் என்ற சிற்றூரிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் இருக்கிறது இந்தக் கல்வெளி; பெயருக்கு ‘ராட்சதனின் கற்பாதை’ என்று பொருள். அங்கே போகப் பொதுப்பாதை உண்டு. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை யாரும் இறங்கிப் போகலாம். டிக்கெட் என்று விற்கப்படுவது, பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் பார்வையாளர் மையத்துக்கானது. கார் நிறுத்துமிடம், கண்காட்சிக் கூடம், காதில் வைத்துக் கேட்கும் ஆடியோ கைடு எல்லாம் அதில் அடக்கம். இந்த வித்தியாசம் தெரியாமல் வாசலிலேயே குழம்பி நிற்பவர்கள் பலர். சிலர் தேவையில்லாத டிக்கெட்டை வாங்கிவிட்டு விலையைப் பற்றிப் புலம்புவார்கள். சிலர் கட்டணத்துக்கு அஞ்சி, சாலையிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இரண்டாவதுதான் பெரிய நஷ்டம்.

யாருக்கு டிக்கெட் பிரயோஜனம்? சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வருபவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், எடுங்கள். பக்கத்தில் வேறு இடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடக்கும் நேரத்தையும் செலவையும் கூட்டிப் பார்த்தால் பெரிய மிச்சம் இருக்காது. விடுமுறை நாட்களில் இடம் சீக்கிரம் நிரம்பும் என்பதால் இணையத்தில் நேரத்தைக் குறித்து முன்பதிவு செய்துவிடுவது நல்லது. நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர்களுக்குக் கட்டணம் இல்லை. ரயிலிலோ பஸ்ஸிலோ வருபவர்கள், ராட்சதன் கதையும் எரிமலைக் கதையும் ஏற்கெனவே தெரிந்தவர்கள், நடக்கத் தயங்காதவர்கள் டிக்கெட் இல்லாமலே முழு அனுபவத்தையும் பெறலாம். சிறு பிள்ளைகளோடு வரும் குடும்பமென்றால் கூடத்தில் காட்டும் அசைபடத்துக்காகவே எடுக்கலாம். கடலோரத்துக்குப் போனபின் ஒவ்வொரு கல்லும் கதையின் ஒரு துண்டாகப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

மையத்தின் கட்டடம் நல்ல கட்டடம். பழைய மையம் 2000ஆம் ஆண்டு தீயில் அழிந்தது. இப்போதுள்ளது 2012 ஜூலையில் திறக்கப்பட்டது. டப்ளினைச் சேர்ந்த ஹெனகன் பெங் என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு. 2013இல் பிரிட்டனின் கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. மலைச்சரிவை மடித்துத் தூக்கி அதனடியில் அறைகளைச் செருகியது போன்ற அமைப்பு. கூரைமேல் புல் வளர்கிறது, பக்கச் சுவர்களில் பசால்ட் என்ற கருநிற எரிமலைக் கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. பார்க்க வந்த பொருளோடு போட்டி போடாமல் ஒதுங்கி நிற்கும் இந்த அடக்கத்துக்கு முழு மதிப்பெண் தரலாம்.

உள்ளே கண்காட்சி இரண்டு இழைகளாக ஓடுகிறது. ஒன்று நிலவியல். மற்றது ஃபின் மெக்கூல் என்ற அயர்லாந்து ராட்சதனின் கதை. நிலவியல் பகுதி தெளிவாக இருக்கிறது. எரிமலைக் குழம்பு எப்படி வடிந்தது, எப்படி வெடித்தது என்பதைத் தொட்டும் பார்த்தும் புரிந்துகொள்ளலாம். ராட்சதன் பகுதியில்தான் குறை. கூடத்தில் இருக்கும் ஃபின் சிரிப்பு மூட்டும் கார்ட்டூன் ஆள். அயர்லாந்தின் பழைய இலக்கியத்தில் வரும் ஃபின் வேறு. அங்கே அவன் ராட்சதனே இல்லை. ஃபியனா என்ற போர்வீரர் கூட்டத்தின் தலைவன், வேட்டைக்காரன், அறிவின் சால்மன் மீனைச் சமைக்கும்போது சூடுபட்ட விரலை வாயில் வைத்து ஞானம் பெற்றவன். பின்னாளில் மக்கள் வாய்க்கதையில்தான் அவன் உடல் பெருத்தது. கையளவு மண்ணை வாரி எறிந்தான். வாரிய பள்ளம் பிரிட்டிஷ் தீவுகளிலேயே பெரிய ஏரியான லாக் நே ஆனது, கடலில் விழுந்த மண் மேன் தீவானது என்றெல்லாம் கதை வளர்ந்தது. ஒரு வீரன் எப்படி ராட்சதன் ஆனான் என்பது இந்தக் கூடத்தில் சொல்லவேண்டிய விஷயங்களிலேயே முக்கியமானது. அதற்குத் தனியாக ஒரு சுவராவது ஒதுக்கியிருக்கலாம்.

கற்பாதைக் கதையை இடத்தோடு சேர்த்துத் தெரிந்துகொண்டு போவது நல்லது. கடலுக்கு அப்பால் ஸ்காட்லாந்தில் பெனான்டனர் என்றொரு ராட்சதன். இரண்டு பேரும் கரைக்குக் கரை நின்று வீறாப்புப் பேசுகிறார்கள். நேரில் மோதிப் பார்த்துவிடலாம் என்று ஃபின் தூண்தூணாகக் கல்லை நட்டுக் கடலுக்குக் குறுக்கே பாதை போடுகிறான். எதிராளி வரும்போதுதான் அவன் தன்னைவிடப் பல மடங்கு பெரியவன் என்று தெரிகிறது. ஃபின் வீட்டுக்கு ஓடுகிறான். காப்பாற்றுவது அவன் மனைவி ஊனா. கணவனுக்குக் குழந்தைத் துணி சுற்றித் தொட்டிலில் படுக்க வைக்கிறாள். வந்தவனுக்கு அவள் சுட்டுத் தரும் ரொட்டியின் நடுவே இரும்புத் தட்டு. கடித்த பல் உடைகிறது. தொட்டிலில் கிடக்கும் ‘பிள்ளை’ அதேபோன்ற ரொட்டியை, இரும்பு இல்லாததை, நொறுக்கித் தின்கிறது. பிள்ளையே இப்படியென்றால் அப்பன் எப்படி இருப்பான் என்று கதிகலங்கிய பெனான்டனர், தன்னை யாரும் துரத்திவராதபடி பாதையைப் பெயர்த்துக்கொண்டே ஓடிவிடுகிறான். அதனால்தான் இரண்டு முனைகள் மட்டும் மிச்சம்: இங்கே காஸ்வே, அங்கே ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவில் ஃபிங்கல் குகை.

இந்தக் கதை மற்ற நாட்டு ராட்சதர் கதைகளிலிருந்து விலகி நிற்கும் விதம் கவனிக்கத்தக்கது. கிரேக்கத்தில் ஜிகான்டஸ் கூட்டம் தேவர்களோடு போரிட்டு மாய்கிறது. பெர்கமான் என்ற பழைய கிரேக்க நகரின் பலிபீடச் சிற்பத்தில் அவர்களில் பலருக்குக் காலுக்குப் பதில் பாம்பு. ஸ்காண்டிநேவியப் புராணத்தின் யிமிரைக் கொன்று அவன் எலும்பில் மலையையும் மண்டையோட்டில் வானத்தையும் செய்கிறார்கள். சீனத்துப் பான்குவின் உடலும் செத்தபின் மலையும் ஆறுமாகிறது. எங்கும் ராட்சதன் சாக வேண்டும், அல்லது உலகத்துக்கு மூலப்பொருளாக வேண்டும். ஃபின் கதையில் யாரும் சாவதில்லை. நம் வாமனன் சின்னஞ்சிறு பிரம்மச்சாரியாக வந்து உலகளந்தவனாக வளர்கிறான். ஃபின் அதற்கு நேர்த் தலைகீழ்: ராட்சதன் தன்னைக் குழந்தையாகச் சுருக்கிக்கொள்கிறான். கடலைக் கடக்கக் கல் அடுக்கும் பகுதியைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு நளன் கட்டிய சேது நினைவுக்கு வராமல் போகாது. அங்கே அணைகட்டிக் கடந்து போனது ஒரு படை. இங்கே கட்டியவனே புறமுதுகிடுகிறான். மனிதக் கையால் ஆகாது என்று தோன்றும் கல்வேலையை ராட்சதர் கணக்கில் எழுதுவது எங்கும் உள்ள வழக்கம்தான். மைசீனியின் பெரும்பாறைச் சுவர்களைச் சைக்ளோப்ஸ் என்ற ஒற்றைக்கண் ராட்சதர்கள் கட்டியதாகக் கிரேக்கர் சொன்னார்கள். மால்டாவின் ஜிகான்டியா கோயில்களை ஒரு ராட்சதி கட்டினாள் என்றார்கள் அந்த ஊர் மக்கள். காஸ்வேயில் அந்த நம்பிக்கைக்குக் கூடுதல் காரணம் உண்டு. இங்கே கற்கள் செதுக்கி அடுக்கியவை போலவே இருக்கின்றன.

இனி நடை. இறங்க மூன்று வழி உண்டு. மையத்திலிருந்து கீழே போகும் தார்ச்சாலை ஒன்று, ஒரு கி.மீ. சொச்சம், கால் மணி முதல் இருபது நிமிடம். அதே சாலையில் ஓடும் ஷட்டில் பஸ் இரண்டாவது. இதற்குத் தனியே சிறு கட்டணம் உண்டு. மூன்றாவது பாறைமுகட்டின் மேலே போகும் சிவப்புக் குறியிட்ட பாதை. பெரும்பாலோர் சாலையில் இறங்கி, கற்களில் ஏறி, படம் எடுத்து, அதே சாலையில் திரும்புகிறார்கள். ராட்சதனைத் தேடி வந்தவர்களுக்கு அது சரியான வரிசை அல்ல. சிவப்புப் பாதையில் மேலே தொடங்கிக் கடலோரத்தில் முடிப்பதே சிறந்தது. முதலில் முழுக் கடற்கரையையும் மேலிருந்து பார்த்தால்தான் அது பாதை என்பது கண்ணுக்குப் புலப்படும். கீழிருந்து பார்த்தால் வெறும் கற்குவியல்.

சிவப்புப் பாதை மையத்தை ஒட்டி ஏறி, கிழக்கு நோக்கி முகட்டோரமாகச் செல்கிறது. ஏர்டு ஸ்னவுட் என்ற மூக்குப் பாறைக்கு வந்ததும் நின்று கீழே பார்க்க வேண்டும். பெரிய காஸ்வே அங்கிருந்து சாய்வாகக் கடலுக்குள் போவதும், அலையடியில் மறைவதும், ஸ்காட்லாந்து இருக்கும் பக்கமாக அதன் முனை திரும்பியிருப்பதும் ஒரே பார்வையில் தெரியும். கதையை யார் முதலில் சொல்லியிருந்தாலும் இந்த உயரத்தில் நின்றுதான் யோசித்திருக்க வேண்டும். முகட்டில் காற்று பலமாக அடிக்கும். ஓரத்துக்குப் போகக்கூடாது, புல்லுக்கு அடியில் பிடிமானம் எவ்வளவு இருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது. புயல் நாட்களில் இந்தப் பாதையை மூடிவிடுவார்கள்.

அங்கிருந்து சற்று நடந்தால் ஷெப்பர்ட்ஸ் ஸ்டெப்ஸ், 162 படிகள். இவற்றில் இறங்க வேண்டும், ஏறக் கூடாது. கடலோரத்தில் சுற்றிக் களைத்தபின் இந்தப் படிகளில் ஏறித் திரும்பலாம் என்று நினைப்பவர்கள் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். முகட்டுப் பாதையில் தொடங்கிச் சுற்றினால் படி இறங்கும் வழியில் வரும். திரும்பும்போது சாலையோ பஸ்ஸோ இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கமும் சிரமமே. அவர்கள் ஏர்டு ஸ்னவுட் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பஸ் பிடிப்பது மேல்.

படி இறங்கியதும் இடதும் வலதுமாகப் பாதை பிரியும். வலப்பக்கம் ஆம்ஃபிதியேட்டர் என்ற அரைவட்டப் பாறைச் சுவரைப் பார்க்குமிடம் வரை போகலாம். அதற்கப்பால் பாறைச் சரிவால் கீழ்ப்பாதை நிரந்தரமாக மூடியிருக்கிறது; வேலியைத் தாண்டுவது மடத்தனம். இந்தப் பக்கத்தில் பாறைச் சுவரின் நடுவே செந்நிறப் பட்டை ஒன்று ஓடும். அது செம்புரைக்கல். ஒரு எரிமலைக் காலத்துக்கும் அடுத்ததற்கும் இடையே, வெப்பமும் ஈரமும் நிறைந்த நீண்ட காலத்தில் மேல்பாறை மட்கிச் சிவந்தது. அதில் வட்டமாகத் தெரியும் குழிகளைத்தான் ராட்சதனின் கண்கள் என்கிறார்கள். அங்கிருந்து எட்டத்தில் முகட்டு விளிம்பில் நிற்கும் தனித் தூண்களுக்குப் பெயர் புகைபோக்கிகள். 1588இல் ஸ்பெயின் கப்பற்படையின் கிரோனா கப்பல் இந்தக் கரையில்தான் உடைந்து மூழ்கியது. அந்தப் படை புகைபோக்கித் தூண்களைக் கோட்டை என்று நினைத்துப் பீரங்கி சுட்டதாகவும் ஒரு கதை உண்டு.

இடப்பக்கம் போனால் காஸ்வே. இந்தக் கீழ்ப்பாதையை ஒட்டித்தான் ஆர்கன் இருக்கிறது. பாறைச் சுவரில் சுமார் 12 மீட்டர் உயரத்துக்கு நேராக நிற்கும் தூண்கள், தேவாலயத்து இசைக்கருவியின் குழல்கள் போல வரிசை கட்டியிருக்கும். ஃபின் தன் மகனுக்காகச் செய்து கொடுத்தது என்பார்கள். கீழே கரையில் உருண்டைக் கற்களுக்கு நடுவே தனியாகக் கிடக்கும் பூட்ஸ் கல். ஓடும்போது ஃபின் காலிலிருந்து கழன்று விழுந்ததாம். இதன் அளவை வைத்துக் கணக்குப் போட்டு ராட்சதனின் உயரம் 16 மீட்டர் என்று வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்கலாம். இந்தக் கல்லின் பக்கவாட்டில் நின்று, நிலப்பக்கத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால்தான் பூட்ஸ் வடிவம் சரியாகத் தெரியும். நேரெதிரே நின்றால் சாதாரணப் பாறை. சாலையில் இறங்கிக் கற்களோடு திரும்பிவிடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பெரிய காஸ்வேயிலிருந்து சில நிமிட நடைதான்.

காஸ்வே என்பது ஒரே கல்வெளி அல்ல, மூன்று: சின்னது, நடு, பெரியது. மொத்தம் சுமார் 40,000 தூண்கள். பெரும்பாலானவற்றுக்கு ஆறு பக்கம், அடுத்தபடியாக ஐந்து. நான்கு, ஏழு, எட்டும் உண்டு. கூட வரும் பிள்ளைகளுக்கு எட்டுப் பக்கக் கல்லைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். பெரிய காஸ்வேயில் ஒரு பள்ளத்தில், பின்புறமும் இரு கையும் உயர்ந்த தூண்களாக, நடுவில் பலபேர் உட்கார்ந்து வழவழத்துப்போன ஓரிடம் இருக்கிறது. அதுதான் வேண்டுதல் நாற்காலி. அறிவிப்புப் பலகையைத் தேடாமல் வழவழப்பைத் தேடுங்கள்.

ஒரு தூணை மட்டும் எடுத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். மேல்முகம் தட்டையாக இருக்காது. சிலது கிண்ணமாகக் குழிந்திருக்கும், சிலது மேடாகப் புடைத்திருக்கும். ஒவ்வொரு தூணும் உச்சி முதல் அடி வரை ஒரே கல் அல்ல. குறுக்கே வெட்டுப்பட்டு, ஒன்றன் குழிவில் மற்றதன் மேடு பொருந்தி நிற்கும் வில்லைகளின் அடுக்கு. மேல் வில்லை எங்கே கழன்று போனதோ அங்கே கீழ் வில்லையின் குழிவு வெளிப்படும், மழைநீர் தேங்கும். தேங்கிய நீரின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதும் நிலப்பக்கக் கற்களில் மஞ்சளும் சாம்பலுமாகப் பாசிக்காளான் படர்ந்திருப்பதும் தெரியும். கடல்பக்கம் போகப்போக நிறம் கறுக்கும். அந்தக் கறுப்பு எச்சரிக்கை. அலை தொட்டு நனைக்கும் எல்லை அது; அங்கே படிந்திருக்கும் பாசி சோப்பு போட்டதுபோல வழுக்கும்.

ஏன் ஆறு பக்கம்? சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி வெடித்து வழிந்த பசால்ட் குழம்பு ஒரு பள்ளத்தாக்கில் ஆழமாகத் தேங்கியது. ஆழமாகத் தேங்கியதால் மெதுவாக ஆறியது. ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இழுவிசை தாங்காமல் வெடிக்கும், ஏரி வற்றியபின் வண்டல் வெடிப்பதைப் போல. மூன்று வெடிப்புகள் 120 பாகை கோணத்தில் சந்திப்பதுதான் இழுவிசையைச் சமமாகத் தீர்க்கும் வழி. அப்படிச் சந்திப்புகள் கூடினால் ஆறு பக்கம் தானே வரும். மேல்பரப்பில் தொடங்கிய வெடிப்பு, குழம்பு ஆற ஆறக் கீழ்நோக்கி இறங்கும். அதனால்தான் தூண். 2018இல் வெளியான லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வு, இப்படிப்பட்ட பசால்ட் தூண்கள் 840 முதல் 890 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே வெடிக்கத் தொடங்குகின்றன என்று காட்டியது. கல் இறுகிவிட்டது, ஆனால் இன்னும் தணலாகச் சுடுகிறது என்ற நிலை. பாறைச் சுவரின் மேல்பகுதியில் தூண்கள் ஒழுங்கில்லாமல் வளைந்தும் சிறுத்தும் இருப்பதைக் கவனித்தால், அங்கே குழம்பு வேகமாக ஆறியதைப் புரிந்துகொள்ளலாம்.

இதெல்லாம் ஐரோப்பாவில் உடனே விளங்கிவிடவில்லை. டப்ளின் ஓவியர் சூசன்னா டிரூரி இந்தக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்த படங்களுக்கு 1740இல் டப்ளின் சொசைட்டி 25 பவுண்ட் பரிசு கொடுத்தது. அவற்றிலிருந்து செய்த செப்புத்தகட்டு அச்சுகள் நாடு நாடாகப் போயின. அவற்றைப் பார்த்த பிரெஞ்சு அறிஞர் நிக்கோலா தெமாரே, இது எரிமலை வேலை என்று அச்சில் சொன்னார். ராட்சதனிடமிருந்து எரிமலைக்கு இந்த இடம் கைமாறியதில் ஒரு பெண் ஓவியரின் பங்கு இவ்வளவு இருக்கிறது. டிரூரியின் ஓவியங்கள் பெல்ஃபாஸ்டில் உள்ள அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, நுழைவு இலவசம். கிரோனா கப்பலிலிருந்து 1960களின் இறுதியில் மூழ்கியெடுத்த தங்க நகைகளும் அங்கேதான். காஸ்வேக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் இதைப் பார்த்துவிடுவது நல்ல ஏற்பாடு.

நாணயம் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். காதலுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் என்று தூண்களின் இடைவெளியில் நாணயம் செருகும் பழக்கம் பரவி, இப்போது கல்லையே தின்கிறது. உப்புக்காற்றில் நாணயம் துருப்பிடித்து, தன் பருமனைப்போல மூன்று மடங்கு வரை வீங்குகிறது. வீங்கும் உலோகம் கல்லை நெருக்கி ஓரத்தை உடைக்கிறது. கூடவே செம்பும் நிக்கலும் இரும்பும் கரைந்து கல்மேல் கறை வழிகிறது. அலையைத் தாங்கி நிற்கும் 6 கோடி ஆண்டுப் பழைய கல் சில்லறைக் காசிடம் தோற்பது வேதனை. 2025இல் நேஷனல் டிரஸ்ட் பார்வையாளர்களிடம் இதை நிறுத்தும்படி பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டது. எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தம் செய்ய 30,000 பவுண்டுக்கு மேல் ஆகும் என்றது. உடன் வருபவர்கள் பையில் கைவிட்டால் தடுத்துவிடுங்கள். செருகியிருப்பதைப் பிடுங்கவும் முயலவேண்டாம், கல்லோடு பெயர்ந்து வரும்.

எங்கெல்லாம் கோளாறாகிறது என்றால், பெரும்பாலும் காலணியில்தான். தோல் அடிப்பாகம் உள்ள ஷூவும் செருப்பும் இங்கே உதவாது. வரிப்பள்ளம் வெட்டிய ரப்பர் அடியுள்ள, கணுக்காலைப் பிடிக்கும் ஷூ வேண்டும். ஈரத்தில் ஒரு காலை முழுதாக ஊன்றியபின்தான் அடுத்த காலை எடுக்க வேண்டும். தூண்களின் உயரம் படிக்குப் படி மாறுவதால் கண் படத்தில் இருந்தால் கால் தவறும். அலையைப் பற்றி: பத்து அலை அமைதியாக வந்து பதினொன்றாவது உயர்ந்து அடிப்பது அட்லாண்டிக் கரையில் சகஜம். படம் எடுக்கக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம். பணியாளர்கள் விசில் ஊதினால் வாதாடாமல் உள்ளே வந்துவிடுங்கள்.

நேரம் அடுத்த பிரச்சினை. பெல்ஃபாஸ்டிலிருந்தும் டப்ளினிலிருந்தும் வரும் சுற்றுலாப் பேருந்துகள் முற்பகல் தொடங்கிப் பிற்பகல் வரை வந்து குவியும். காலையில் முகட்டின் நிழல் கற்கள்மேல் விழும். மாலை வெயிலில்தான் தூண்களின் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். ஆகவே படத்துக்காக வருபவர்கள் மாலை 5 மணிக்குப் பிறகு வருவது உத்தமம். ஜூனில் சூரியன் இரவு 10 மணிக்கு மேல்தான் மறையும், அவசரமே இல்லை. டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். அப்போது சிவப்புப் பாதையை மதியத்துக்கு மேல் தொடங்க வேண்டாம். மாலையில் வருபவர்கள் மையமும் ஷட்டில் பஸ்ஸும் முன்பே நின்றுவிடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, ஏற்றத்தில் நடந்து திரும்பத் தயாராக வர வேண்டும். ஏற்றத்தில் அரை மணி ஒதுக்கினால் போதும்.

டிக்கெட்டில் கிடைக்கும் ஆடியோ கைடு பல மொழிகளில் இருக்கிறது, தரமும் நன்று. குறிப்பிட்ட இடத்துக்கு வந்தபின் அதற்குரிய எண்ணை அழுத்த வேண்டும். ஆனால் காற்று பலமாக இருந்தால் கருவியைக் காதோடு ஒட்டிப் பிடிக்க ஒரு கை போய்விடும். கற்களின்மேல் இரு கையும் தேவை. சாலையில் நடக்கும்போது கேட்டுவிட்டு, கற்களை அடைந்ததும் பையில் போட்டுவிடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களைப் பஸ் காஸ்வேயின் விளிம்பு வரை கொண்டுபோய் இறக்குகிறது. தூண்கள்மேல் ஏற வழியில்லை, ஆனால் சில அடி தூரத்திலேயே பார்க்கலாம். உணவகத்தில் சூப், சாண்ட்விச், ஸ்கோன் கிடைக்கும், சிறப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடையும் அப்படியே.

போகும் வழி: பெல்ஃபாஸ்டிலிருந்து ரயிலில் கோல்ரெய்ன், அங்கிருந்து பொதுப் போக்குவரத்து நிறுவனமான டிரான்ஸ்லிங்க்கின் 172ஆம் எண் பஸ் காஸ்வே வாசலிலேயே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, நேர அட்டவணையை முதலிலேயே பார்த்துவிடுங்கள். புஷ்மில்ஸிலிருந்து காஸ்வேக்குப் பருவகாலத்தில் ஒரு குறுகிய பாதை ரயிலும் ஓடும். 1883இல் தொடங்கி 1949 வரை ஓடிய, நீர்மின்சாரத்தால் இயங்கிய பழைய டிராம் பாதையின் தடம் அது. டப்ளினிலிருந்து வருபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி, பணம் பவுண்ட். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் அயர்லாந்து விசாவில் ‘பிஐவிஎஸ்’ (பிரிட்டிஷ்-அயர்லாந்து விசாத் திட்டம்) என்ற குறிப்பு இருந்தால்தான் அதே விசாவில் இங்கே வரலாம், இல்லையென்றால் பிரிட்டன் விசா தனியே வேண்டும். எல்லையில் சோதனைச் சாவடி இல்லாததால் இது பலருக்குத் தெரிவதில்லை.

பாதையின் மறுமுனையையும் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: காஸ்வேயிலிருந்து ஸ்டாஃபாவுக்கு நேர்ப் படகு இல்லை. ஸ்காட்லாந்தின் ஓபன் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்தோ மல் தீவின் ஃபியன்ஃபோர்ட்டிலிருந்தோ படகு பிடிக்க வேண்டும். வசந்தம் முதல் இலையுதிர் தொடக்கம் வரைதான் படகு உண்டு. கடல் கொந்தளித்தால் தீவைச் சுற்றிக் காட்டுவார்கள், இறங்க விடமாட்டார்கள். இறங்கினால் ஃபிங்கல் குகைக்குள் தூண்களின் உடைந்த தலைகளை மிதித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். காஸ்வேக்கு வாங்கிய அதே ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள்.